விட்ஸின் மஞ்சள் லைற்றும் மூன்றாம் கட்டைத் தம்பியும்

போன வருசம் ஆனி மாதம் அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டி இருந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டோம். கந்தளாய் தாண்டிக் கொஞ்சத் தூரம் போக, றோட்டோரத்தில் கறுப்பாக ஏதோ நின்றது. மரம் என்று நினைத்து நேரே விட்டேன். மரம் காதை ஆட்டியது. பிரேக் பிடித்த பிடியில் அம்மாவின் பிளாஸ்க் உருண்டு என் காலடிக்கு வந்துவிட்டது. ஹபறணை வரும்வரைக்கும் அம்மா வாய் திறக்கவில்லை.

அந்தப் பக்கம் யானை நிற்பது புதினமில்லை. முன் லைற்றுகள் மஞ்சளாகி மங்கியிருந்ததால் என் கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் பிழை. வழி நெடுக எதிரே வந்த பஸ்காரர்கள் லைற்றை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். லைற்றின் கண்ணாடி மங்கிப் போனால் வெளிச்சம் றோட்டில் விழாமல் நாலாபக்கமும் சிதறும். வாறவருக்குக் கண் கூசும், ஓடுறவருக்குக் குழி தெரியாது. நான் பல்ப்தான் பழுதென்று முதலே இரண்டையும் மாற்றிப் பார்த்திருந்தேன். கட்டாரில் இருக்கிற இவர் "100 வாட்ஸ் வாங்கிப் போடும்" என்று போனில் சொன்னார். 60/55 வாட்ஸுக்கு இழுத்த வயரிலே அதைப் போட்டால் ஹோல்டர் உருகும் என்று வயரிங் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அண்ணை தடுத்தபடியால் வாகனம் தப்பியது.

எங்களுடையது 2001ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் கார். 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டினதோடு பழசை வைத்துச் சமாளிக்கிறதே வழியாகிவிட்டது. 2025இல் திறந்துவிட்டார்கள்தான், விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம். லைற் மட்டும் மாற்றலாமென்று விசாரித்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த லாம்பு ஒன்றுக்கே 18,000 ரூபா சொன்னார்கள். அதுவும் பாதி மங்கல்.

அப்பாவிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. அதன் வட்ட லைற் உண்மையான கண்ணாடி. கல் பட்டு ஒருமுறை உடைந்ததே தவிர, கடைசிவரை மஞ்சளாகவில்லை. இப்போது வருகிறதெல்லாம் பொலிகார்பனேற் என்கிற பிளாஸ்டிக். கல்லடிக்கு உடையாது, வெயிலுக்கு நிற்காது. அதனால்தான் கொம்பனியிலேயே மேலே ஒரு மெல்லிய பூச்சுப் பூசி விடுகிறார்கள். வெயிலின் புறஊதாக் கதிர் வருசக் கணக்காகப் பட்டு அந்தப் பூச்சு உரிந்துபோக, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சளாகும். என்னுடைய வாகனத்திலேயே இதற்கு ஆதாரம் இருந்தது. முற்றத்தில் விடும்போது இடது பக்கம் வேப்பமர நிழலில் நிற்கும், வலது பக்கம் முழு வெயிலில். இடது லைற் வெறும் மங்கல், வலது லைற் பழைய தேங்காயெண்ணெய் நிறம்.

முதலில் அண்ணன் மகன் பற்பசை போட்டுத் தேய்த்தான். பளிச்சென்றுதான் வந்தது, ஒரு கிழமைக்கு. பிறகு மாசி மாதம் வாகனம் கழுவுகிற ஓரிடத்தில் 'ஆவி' பிடித்தேன். எவர்சில்வர் குவளை மாதிரி ஒன்று, அதற்குள் ஏதோ திரவம், கரண்ட்டில் சூடாக்கினால் குழாய் வழியே ஆவி வரும். இனிப்பு மணம் ஒன்று அடித்து எனக்குத் தலை சுற்றியது. பத்து நிமிசத்தில் புது லைற் மாதிரி வந்துவிட்டது, 1,500 ரூபாதான். அந்த ஆவி பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து வழவழப்பாக்குகிறதாம். மேலே பூச்சு ஒன்றும் இல்லை. வைகாசிக்குள் மஞ்சள் திரும்பியது, கூடவே சிலந்திவலை மாதிரி மெல்லிய வெடிப்புகளும். இதற்குப் பிறகுதான் யானைக் கதை.

இனிச் சொல்லவந்த விசயம். திருகோணமலை நிலாவெளி றோட்டில் மூன்றாம் கட்டை, அதாவது மூன்றாம் மைல் பக்கம், உள் ஒழுங்கையில் பெயர்ப் பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகை. டிங்கரிங், பெயின்ற் வேலை செய்கிற தம்பி ஒருவர். நான் போனது காலை ஒன்பதரைக்கு. லைற்றை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஆறு மணிக்குக் கொண்டு வாங்கோ அக்கா. பத்து மணிக்குப் பிறகு கச்சான் காத்து புழுதியைக் கொண்டுவந்து கொட்டும், மேல்பூச்சுக் கிளியர் அடிக்கேலாது" என்றார். வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்தவளுக்கு எரிச்சல்தான். மறுநாள் போனேன்.

லைற்றைச் சுற்றி மாஸ்கிங் ரேப் ஒட்டி, பொனட்டைப் பழைய சீலையால் மூடினார். முதலில் 800 நம்பர் வோட்டர் பேப்பர், தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். நம்பர் கூடக் கூடத் தாள் மெல்லிசு. தண்ணீரை விட்டு விட்டுத் தேய்க்க, மஞ்சள் கலந்த பால் பம்பரில் வழிந்தது. அந்தப் பால் வெள்ளையாகும்வரை விடவில்லை. "மஞ்சள் வாறமட்டும் பழைய பூச்சு கிடக்கு" என்றார். பிறகு 1000 பேப்பரைக் குறுக்காக, 1500ஐ நெடுக்காக. முதல் பேப்பரின் கீறல் முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் திசையை மாற்றுகிறாராம். ஆவி செய்த வெடிப்புகளுக்காக வலது லைற்றில் மட்டும் திரும்ப 800க்குப் போனார். கடைசியில் 2000. துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு லைற்றும் குளியலறை யன்னல் மாதிரி ஒரே வெள்ளை. இருந்ததையும் கெடுத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"தம்பி, பஃப் போட்டுப் பொலிஷ் அடிக்கேல்லையோ?"

"பஃப் அடிச்சா பளபளக்கும் அக்கா. ஆனா வெறும் மேல். இந்த வெயிலுக்கை வெறும் மேலோட விட்டா எத்தனை நாளைக்கு?"

ஸ்பிரிற்றால் துடைத்து, இறுகவைக்கிற ஹார்ட்னர் கலந்த கிளியரை மெல்லிசாக ஒரு தரம் அடித்தார். வெள்ளைக் கடதாசியில் எண்ணெய் பட்டால் எப்படிப் பின்னால் உள்ள எழுத்துத் தெரியுமோ, அப்படி மங்கலுக்குள்ளிருந்து பல்ப் எழும்பி வந்தது. கீறல்களைக் கிளியரே நிரப்பிவிடுகிறது. பத்து நிமிசம் விட்டு இரண்டாம் தரம். நானும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பிளேன்ரீ ஆறிப்போனது.

குறையும் இருக்கிறது. காலையில் அடித்தும் வலது லைற்றின் மூலையில் ஒரு தூசி ஒட்டிக் காய்ந்துவிட்டது. விரலால் தடவினால் கடுகு மாதிரித் தட்டுப்படும். லைற் உயரத்தைச் சரிபார்த்துத் தரவில்லை. நான்தான் இரவில் வீட்டு மதிலுக்கு நேரே விட்டுப் பார்த்து, அண்ணையைக் கொண்டு திருத்தினேன். பில் கேட்டால் சிரிக்கிறார். ஹார்ட்னர் கலந்த கிளியரை முகத்தில் லேஞ்சி மட்டும் கட்டிக்கொண்டு அடிக்கிறார். அது நெஞ்சுக்குக் கூடாது, சொன்னேன், அதற்கும் சிரிப்புத்தான். உள்பக்கம் ஈரம் பிடித்து மங்கின லைற் என்றால் எடுக்கவே மாட்டார், "வெளியாலை தேய்ச்சு உள்ளுக்கை போகுமோ" என்று திருப்பி அனுப்புவார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இரண்டு லைற்றுக்கும் 5,500 ரூபா. ஆவிக் காசின் மூன்று மடங்குக்கும் மேல். செய்து 14 மாதமாகிறது. இந்த வருசக் கச்சான் வெயிலும் முழுக்கப் பட்டாயிற்று, மஞ்சள் இல்லை. ஐந்துக்கு நாலு கொடுப்பேன், ஒன்று அந்தக் கடுகுக்காக வெட்டினது. நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும், தேய்த்து முடிந்த பிறகு மேலே என்ன அடிப்பீர்கள் என்று கேளுங்கள். "ஒன்றும் தேவையில்லை" என்றால் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

போன மாதமும் கண்டிக்குப் போனோம். கந்தளாய் தாண்ட அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தவர், அக்போபுரவுக்குக் கிட்ட "அந்தா, ரெண்டு நிக்குது, குட்டியும்" என்று எனக்கு முதலே கண்டுவிட்டார். தள்ளி நிற்பாட்டி, டிம் பண்ணிக் காத்திருந்தோம்.

இப்போது முற்றத்தில் முன்பக்கம் முழுக்க வேம்புக்குக் கீழே வாறமாதிரித்தான் விடுகிறேன். லைற்றுக்கு நல்லது. பொனட் முழுக்கக் காகத்தின் எச்சம்.