பஞ்சில் முடி வராத மஸ்காரா

போன தை மாதம் தங்கை கல்யாணம். ரிசப்ஷன் முடிந்து வந்த அலுப்பில் மஸ்காராவோடு தூங்கிவிட்டேன். காலையில் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால், மையோடு சேர்ந்து ஏழு இமைமுடியும் வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு.

அது தண்ணீர் பட்டாலும் கலையாத வகை. வேளச்சேரியிலிருந்து அண்ணா சாலைக்கு ஸ்கூட்டியில் போகிறவளுக்கு வேறு எது நிற்கும் என்று நான்கு வருடமாக அதைத்தான் போட்டேன். தினமும் ராத்திரி தேய்த்துத் தேய்த்து எடுப்பேன். இமை ஓரம் சிவந்து அரிக்க ஆரம்பித்ததும் கண் டாக்டரிடம் போனேன். "ரெண்டு வாரம் கண்ணுல ஒண்ணும் போடாதீங்க, வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க" என்றார்.

அப்புறம் வாங்கியதுதான், கெடுதலான கெமிக்கல் இல்லை என்று சொல்லி விற்கும் இந்த 'க்ளீன்' மஸ்காரா. 8 மில்லி, 749 ரூபாய். நல்லதும் கெட்டதும் சேர்த்து எழுதுவதால் பெயர் வேண்டாம். 'க்ளீன்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அர்த்தம். அதனால் அட்டையிலிருந்த பொடி எழுத்தை போனில் பெரிதாக்கிப் படித்தேன். கார்னோபா மெழுகு, விளக்கெண்ணெய், கருப்பு நிறத்துக்கு அயர்ன் ஆக்ஸைடு, கெடாமல் இருக்க ஃபீனாக்ஸிஎத்தனால். கடைசிப் பெயரைப் பார்த்து முதலில் முகம் சுளித்தேன். ஆனால் கண்ணில் பட்ட பிரஷ் தினமும் திரும்ப அதே ஈரமான குழாய்க்குள்தானே போகிறது? கிருமியைத் தடுக்க உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

பிரஷ் ஒல்லி, மூக்குப் பக்கத்து குட்டி முடிகள் வரை எட்டுகிறது. ஒரு கோட் போதும். இரண்டாவது போட்டால் திரிதிரியாக ஒட்டிக்கொள்ளும்.

குறை என்றால், கத்திரி வெயிலில் மூன்று மணிக்கு மேல் கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசிவிடுகிறது. கேன்டீன் அக்கா, "ராத்திரி தூங்கலையாம்மா?" என்று கேட்டே விட்டார். இப்போது கண்ணுக்குக் கீழே சன்ஸ்கிரீன் மேல் கொஞ்சம் பவுடர் ஒற்றிவிடுகிறேன், ஐந்து மணி வரை தாங்குகிறது.

ராத்திரி கழுவும்போதுதான் கொடுத்த காசுக்குப் பலன் தெரிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரும் ஃபேஸ்வாஷும் போதும், அரை நிமிடத்தில் போய்விடுகிறது. பஞ்சே தேவையில்லை. சந்தேகத்துக்கு ஒற்றிப் பார்த்தாலும் முடி ஒன்றும் வருவதில்லை.

"நான் அப்பவே விளக்கெண்ணெய் தடவச் சொன்னேன்ல" என்கிறாள் அம்மா. அட்டையும் 'அடர்த்தியாக வளரும்' என்கிறது. எனக்கு ஒன்றும் புதிதாக வளரவில்லை. விளக்கெண்ணெய் இமைமுடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் கிடையாது. நிஜமாக வளர்ப்பதாக நிரூபணமானது பைமேட்டோபிராஸ்ட். கண்ணழுத்த நோய்க்கான அந்த மருந்தை இமைமுடிக்கென்று அமெரிக்காவில் 2008-இல் அனுமதித்தார்கள், அதுவும் டாக்டர் சீட்டோடு. என் முடி கொட்டாமல் நிற்பதற்குக் காரணம், நான் தேய்ப்பதை நிறுத்தியது. அவ்வளவுதான்.

திறந்த தேதியைக் குழாயிலேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் தூக்கிப் போட வேண்டும். மாதம் 250 ரூபாய் என்று கணக்குப் போட்டால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. பழையதை ஒரு வருடம் ஓட்டினேன், அதுவும் தப்புதான்.

வருகிற ஆனியில் சித்தி பெண் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் நான் அழுவேன், இந்த மஸ்காரா நிற்காது. கர்சீப் இரண்டு எடுத்து வைத்தாயிற்று.