கும்பகோணத்தில் ஒரு டப்பா மாத்திரை

பெட்டி சென்னைக்கு வந்து சேரவில்லை. "நாளைக்கு வந்துடும் சார்" என்று நாலு நாள் சொன்னார்கள். மருந்தையெல்லாம் கைப்பையில் வை என்று லண்டனில் நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னதுதான். நான் வழிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியில் போட்ட புத்திசாலி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா கொடுத்த கிட்னி. காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது, டாக்ரோலிமஸ்: உடம்பு அந்தக் கிட்னியை ஒதுக்கித் தள்ளாமல் இருக்கப் போடுகிற மருந்து. நாலாம் நாள் சாயங்காலம் டப்பா காலி.

தெருமுனை மெடிக்கலில் பையன் ஒரு அட்டையை நீட்டினான். "கம்பெனிதான் வேற சார், உள்ள அதே சரக்கு." புரட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை மெதுவாகக் கரைகிற வகை. என்னுடையது இரண்டு வேளை மருந்து.

"அப்ப ரெண்டா பிரிச்சுப் போடுங்க."

காப்ஸ்யூலை எங்கே தம்பி பிரிக்கிறது?

குரல் உயர்ந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். லண்டனில் சீட்டிலேயே கம்பெனிப் பெயர் இருக்கும். 2012-லிருந்து பிரிட்டனில் இந்த மருந்தைப் பிராண்ட் பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும், கொடுக்க வேண்டும் என்று அரசின் மருந்துத் துறையே சொல்லியிருக்கிறது. ரத்தத்தில் மருந்தின் லெவல் கொஞ்சம் இறங்கினால் உடம்பு கிட்னியை வேற்றாளாகப் பார்க்கும். ஏறினாலோ மருந்தே கிட்னியைக் கெடுக்கும். உயிரோடிருப்பவர் கொடுத்தது என்பதால் எனக்கு ஆரம்பம் நன்றாக அமைந்தது. அதற்கப்புறம் கெடுப்பதெல்லாம் சத்தமில்லாத சமாச்சாரம்: விட்டுப்போன வேளை, ஏறி இறங்கும் லெவல், கிட்னியைத் தாக்க உடம்பு மெல்ல உருவாக்குகிற ஆன்டிபாடி. கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏறித் தெரியும்போது பாதிச் சேதம் ஆகியிருக்கும். (அத்தை கொல்லையில் பறித்துவைத்த பம்ப்ளிமாஸைக்கூட அதற்காகத்தான் தொடவில்லை, லெவலை ஏற்றிவிடும். அத்தை இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.)

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். என் பழைய டப்பா, மருந்துச் சீட்டு இரண்டையும் கண்ணாடி போட்டுப் படித்தார். பையனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தஞ்சாவூருக்குப் போன். "அதே கம்பெனி, ரெண்டு வேளை ஐட்டம், பாயிண்ட் ஃபைவ். ஏழரை வண்டியில குடுத்துவிடு."

பஸ்ஸில் குடுத்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா! சின்ன வயதில் தாத்தாவுக்குச் சூரணம் இப்படித்தான் வரும். லண்டனில் ராத்திரி மருந்துக்கு ஒரு நம்பர் கூப்பிட்டு, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று விடிந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டில் எட்டரையிலிருந்து நின்றேன். ஒன்பதும் ஆனது. போன் அலாரம் அடித்து ஓய்ந்தது. ஒன்பது இருபதுக்கு வண்டி. கண்டக்டர் சீட்டுக்கடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை.

"மாத்திரையா சார்? தண்ணி இருக்கா?"

பாட்டிலை அவரே நீட்டினார். நான் முதலில் டியூப்லைட் அடியில் போய்க் கம்பெனிப் பெயரைப் படித்தேன்.