கனரக இயந்திரப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: கிருஷ்ணகிரியில் நான் ஏமாந்த விவரம்

ஜே.சி.பி., பொக்லைன் (மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர்), வீல் லோடர் (குவியலை முன்பக்கப் பக்கெட்டில் அள்ளிப் போடும் சக்கர வண்டி) ஆகிய மூன்றையும் 45 நாட்களில் ஓட்டக் கற்றுக்கொடுத்து, அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழும் ஹெவி லைசென்ஸும் எடுத்துத் தந்து, துறைமுக நிலக்கரி யார்டில் ஆபரேட்டர் வேலையிலும் சேர்த்துவிடுவதாகச் சொன்ன ஒரு பயிற்சி நிலையத்தில், 2023 பிப்ரவரியில் ரூ.47,000 கட்டி நான் ஏமாந்தேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு இதே எண்ணத்தில் இருக்கும் தம்பிகளும், அவர்களுக்காகப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன். அந்த நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. காரணம் கடைசியில் புரியும்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். கிரானைட் குவாரிகளும் கல் கிரஷர்களும் நிறைந்த மாவட்டம் என்பதால் பொக்லைனையும் டிப்பரையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தத் தொழிலுக்கு இங்கே வழக்கமான வழி ஒன்று உண்டு: ஓர் ஆபரேட்டரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் கிரீஸ் அடித்து, வண்டி கழுவி, டீசல் ஊற்றி, அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் லீவரைத் தொட்டுப் பார்த்து, மெல்ல மெல்ல சீட்டுக்கு வருவது. அந்த வருடங்களை 45 நாளாகச் சுருக்கித் தருகிறோம் என்பதுதான் அந்த நிலையம் விற்ற சரக்கு. அதை வாங்க ஆசைப்பட்டதில் தவறு இருப்பதாக நான் இன்றும் நினைக்கவில்லை. வாங்கும் முன் எடை போடாமல் விட்டதுதான் என் தவறு.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்து, அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு வாங்கிய முன்பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது. அலுவலக அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட இரண்டு சான்றிதழ்கள் தொங்கின. ஒன்று ஐ.எஸ்.ஓ. 9001, மற்றொன்று, 'அரசுப் பதிவு பெற்றது' என்று அவர்கள் விரலால் தட்டிக் காட்டியது, உத்யம் பதிவு. முதலாவது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தரப்படும் சான்று என்பதும், அதற்கும் லோடர் ஓட்டும் திறமைக்கும் தொடர்பில்லை என்பதும், இரண்டாவது எந்தச் சிறுதொழில் செய்பவரும் தம் விவரங்களைத் தாமே உறுதிமொழியாகக் கொடுத்து இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளக்கூடிய பதிவு என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், வண்டியெல்லாம் எங்க நிக்குது?" என்றார். "இன்னைக்கு சைட்டுக்குப் போயிருக்குங்க ஐயா, திங்கக்கிழமை வந்துடும்" என்று பதில் வந்தது. பயிற்சிக்கு ரூ.38,000, லைசென்ஸுக்கு ரூ.9,000 என்று எண்ணிக் கொடுத்தோம். ரசீது ரூ.38,000-க்கு மட்டும் கிடைத்தது.

திங்கட்கிழமை வந்தது ஒரு வண்டி. பழைய பேக்ஹோ லோடர், அதாவது நாம் எல்லோரும் ஜே.சி.பி. என்று சொல்லும் முன்னால் பக்கெட்டும் பின்னால் கையும் உள்ள வகை. இன்ஜின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் ஓடவில்லை. முதல் நாள் நான் பார்த்த எண்ணே கடைசி நாளும் இருந்தது. வீல் லோடர் வரவே இல்லை. பொக்லைனுக்குப் பதிலாக 'சிமுலேட்டர்' என்ற பெயரில் ஒரு கணினியும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வைத்திருந்தார்கள். அதில் பூம், அதாவது வண்டியோடு இணைந்த பெரிய கையைத் தூக்கி இறக்குவது, இடது கை லீவரில் இருந்தது. பிறகு நான் உட்கார்ந்த நிஜமான பொக்லைனில் அது வலது கையில் இருந்தது. உலகில் இரண்டு அமைப்புகளும் வழக்கத்தில் உள்ளன, ஏறும் வண்டி எந்த அமைப்பு என்று முதலில் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைக்கூட அங்கே யாரும் சொல்லவில்லை.

நான் ஒரு நோட்டு வைத்து, சீட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையையும் நிமிடக் கணக்கில் எழுதி வந்தேன். வகுப்பு நடந்த நாட்கள் 39. டீசல் செலவைக் காரணம் காட்டி நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியை ஓடவிட மாட்டார்கள். நாங்கள் 14 பேர். மொத்தம் ஓடிய 78 மணி நேரத்தைப் பதினான்கால் வகுத்தால் என்ன வருமோ அதுதான் எனக்கும் வந்தது: 5 மணி 34 நிமிடம். இந்த வகுத்தலை முதல் நாளே, பணம் கொடுப்பதற்கு முன்பே செய்திருக்க முடியும்.

லைசென்ஸ் விஷயம் இதைவிட வெளிப்படையான பொய். அப்போது எனக்கு வயது 19. இலகு ரக உரிமம்கூட இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி, லாரி, டிப்பர் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் பெறுவதற்கே இலகு ரக உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். ஆக, 45 நாளில் எனக்கு ஹெவி லைசென்ஸ் என்பது யாராலும் செய்ய முடியாத காரியம். கடைசியில் என் கைக்கு வந்தது கார் ஓட்டுவதற்கான எல்.எல்.ஆர். மட்டும். கேட்டதற்கு, "யார்டுக்குள்ள ஓட்ட லைசென்ஸ் எதுக்கு தம்பி?" என்றார்கள். சக்கரம் உள்ள எந்த இயந்திரத்தையும் பொதுச் சாலையில் ஏற்றினால் உரிமம் வேண்டும் என்பதும், சாலையையே பார்க்காத யார்டுகளும் வேலைக்கு எடுக்கும்போது ஹெவி கேட்கும் என்பதும் அந்தப் பதிலில் இல்லை.

ஏப்ரலில், 'நேர்முகத் தேர்வு' என்று சொல்லி எங்களில் நான்கு பேரை எண்ணூர் பக்கம் ஒரு நிலக்கரி யார்டுக்கு அனுப்பினார்கள். பஸ் செலவு எங்களுடையது. அங்கே ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், எங்களிடம் இருந்த சான்றிதழ்களைக் கையில் வாங்கவே இல்லை. "வண்டி அதோ நிக்குது, கரியை அள்ளி ஹாப்பர்ல போடுங்க" என்று மட்டும் சொன்னார். ஹாப்பர் என்பது கரியைக் கொட்டும் பெரிய புனல் போன்ற தொட்டி. நான் நேராக ஏணியைப் பிடித்து ஏறி சாவியைத் திருப்பப் போனேன். "இறங்குங்க தம்பி," என்றார். "இன்ஜின் ஆயில் பார்த்தீங்களா? டயரைப் பார்த்தீங்களா? வண்டிக்குப் பின்னாடி ஆள் நிக்கறாரே, அவரையாவது பார்த்தீங்களா?" திரும்பிப் பார்த்தேன். பின் டயருக்கு இரண்டடி தள்ளி ஒருவர் மண்வெட்டியோடு, சிந்திய கரியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடி ஏறினேன். அதுவரை நான் வீல் லோடரைத் தொட்டதில்லை. ஜே.சி.பி.யில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். வீல் லோடரிலோ வண்டியே இடுப்பில் மடிகிறது, முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமுமாக. நான் குவியலுக்குக் கோணலாகப் போய், பக்கெட்டைத் தரைமட்டத்துக்கு இறக்காமல் முழங்கால் உயரத்தில் வைத்துக் குத்தினேன். பக்கெட் பாதிகூட நிரம்பவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க, டயர் கரித்தூளில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுழன்றது. கிடைத்த அரை பக்கெட்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஹாப்பரை நோக்கித் திரும்பியபோது வண்டி ஒரு பக்கம் சாய்வதை வயிற்றில் உணர்ந்தேன். சூப்பர்வைசர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லாம் சேர்த்து பத்து நிமிடம் இருக்கலாம்.

அவர் திட்டவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். மற்ற மூவரையும் பார்த்துவிட்டு, நிழலில் நிறுத்தி எங்களிடம் பேசினார். குவியலை நேராக அணுகி, பக்கெட்டின் அடியைத் தரையோடு ஒட்டி உள்ளே செலுத்தி, பிறகு சுருட்டித் தூக்க வேண்டும் என்றார். நிரம்பிய பக்கெட்டைத் தரைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு நகர வேண்டும், ஹாப்பரின் முன்னால் வந்த பிறகுதான் உயர்த்த வேண்டும் என்றார். குவியலின் அடியை மட்டும் தோண்டிக்கொண்டே போனால் மேலே தொங்கும் கரி சரிந்து கேபின் மேல் விழும் என்றார். பிறகு ஒரு கணக்குக் கேட்டார்: 3 கன மீட்டர் பக்கெட்டில் நிலக்கரி எத்தனை டன், இரும்புத் தாது எத்தனை டன்? எங்களுக்குத் தெரியவில்லை. நிலக்கரி கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.8 டன், எனவே 2.4 டன், இரும்புத் தாது ஏறத்தாழ 2.5 டன், எனவே 7.5 டன். கரிக்குப் பூட்டிய பக்கெட்டோடு தாதுக் குவியலுக்குள் போய் முழுதாக அள்ளினால் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். நான் ரூ.38,000 கொடுத்து 39 நாள் கற்றதைவிட, எதுவும் கொடுக்காமல் அந்த அரை மணி நேரத்தில் கற்றது அதிகம்.

ஊர் திரும்பியதும், இரண்டாவது வாய்ப்பு என்று சொல்லி பர்கூர் பக்கம் ஒரு கிரஷருக்கு அனுப்பினார்கள். ஆபரேட்டர் வேலை என்று போனேன். கொடுத்தது ஹெல்பர் வேலை. கிரஷர்காரர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் ஆபரேட்டர் கேட்கவே இல்லை, ஹெல்பர்தான் கேட்டாராம். சான்றிதழில் இருந்த கியூ.ஆர். கோடை அங்கிருந்த மேலாளர் போனில் ஸ்கேன் செய்து காட்டினார். அது அந்த நிலையத்தின் சொந்த இணையப் பக்கத்துக்கே போய், என் பெயரையும் போட்டோவையும் மட்டும் காட்டியது. குவாரிக்குள் வேலை செய்ய வேண்டுமானால் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், 1966-இன்படி தொடக்கப் பயிற்சி தனியாக முடிக்க வேண்டும், இந்தக் காகிதம் அதற்கு ஈடாகாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

பணத்தைத் திரும்பக் கேட்டு நான்கு முறை நடந்தேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு ரூ.9,000 மட்டும் திரும்பி வந்தது, ரசீது இல்லாத அதே தொகை, ஏன் அதை மட்டும் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டோம். ரூ.5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், ஆனால் தாங்கள் கல்வி நிறுவனம் என்று சொல்லி அவர்கள் நழுவப் பார்ப்பார்கள் என்றார். மாம்பழ அறுவடை நேரம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

பயிற்சி நிலையங்கள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. கனரக இயந்திர ஆபரேட்டர்களுக்கென்று உள்கட்டமைப்பு இயந்திரங்களுக்கான திறன் மன்றம் ஒன்று உண்டு. பேக்ஹோ லோடர், எக்ஸ்கவேட்டர் போன்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகுதி வரையறுத்திருக்கிறார்கள். அத்தகைய தகுதிகளுக்கு ஒப்புதல் தருவது என்.சி.வி.இ.டி. எனப்படும் மத்திய அமைப்பு. எனவே 'அரசு அங்கீகாரம்' என்று யாராவது சொன்னால், எந்தத் தகுதி, அதன் குறியீட்டு எண் என்ன, மதிப்பீடு செய்ய வெளியாள் வருவாரா என்று கேளுங்கள். பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழை வாங்கி ஸ்கேன் செய்து, எந்தத் தளம் திறக்கிறது என்று பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை வண்டி, ஹவர் மீட்டர் ஓடுகிறதா, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று எண்ணி, வகுத்துப் பாருங்கள். சீட்டில் உட்காரும் மணி நேரத்தை ரசீதில் எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிலக்கரி, தாது, சிமெண்ட் ஆலை என்று மூட்டை கட்டாமல் குவியலாகக் கொட்டிய சரக்கைக் கையாளும் வேலைக்குத்தான் போவீர்கள் என்றால், வீல் லோடர் கண்ணில் படாத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நான் அந்தக் கிரஷரிலேயே தங்கிவிட்டேன். அங்கிருந்த ஆபரேட்டர் அண்ணன், காலையில் வண்டியைச் சுற்றி வராமல் என்னை ஏணியில் கால் வைக்கவிட மாட்டார். இலகு ரக உரிமம் எடுத்து ஓராண்டு காத்திருந்து, சென்ற வருடம் ஹெவி எடுத்தேன். இப்போது ஜல்லிக் குவியலில் லோடர் ஓட்டுகிறேன்.

போன மாதம் தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒரு புதிய போஸ்டரைப் பார்த்தேன். நிலையத்தின் பெயர் வேறு, போன் எண் வேறு, ஊர் வேறு. அதில் இருந்த போட்டோவில் நிற்பது நான் ஓட்டிய அதே பழைய ஜே.சி.பி.; இடது பக்கக் கதவின் கண்ணாடியில் இருந்த விரிசலை வைத்து அடையாளம் கண்டேன். கீழே, 'மூன்று வண்டி, 45 நாள், 100 சதவீதம் வேலை' என்று எழுதியிருந்தது.