6 வோல்ட் பேட்டரிக்கு: 12 வோல்ட் சார்ஜரை மாற்றியமைப்பதா, புதிதாக வாங்குவதா?

காற்றுமழையில் மரம் விழுந்து மின்சாரம் நிற்பது நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பழகிப்போன ஒன்று. அவசர விளக்கில் இருப்பது 6 வோல்ட் ஈய அமில பேட்டரி. கையில் இருப்பதோ மருந்து தெளிக்கும் கருவியின் 12 வோல்ட் சார்ஜர். நேரடியாக இணைக்கவே கூடாது, பேட்டரி சூடேறி வீங்கும்.

செலவு: மாற்ற, மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு பலகையும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும் போதும். புதியது அதைவிடக் கூடுதல்.

சிரமம்: புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. மாற்றுவதற்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும். பலகையின் பித்தளைத் திருகை மெல்லத் திருப்பி, டயோடுக்குப் பின் 6.8 வோல்ட் காட்டும்படி நிறுத்துங்கள். டயோடை விட்டுவிட்டால், மின்வெட்டின்போது பலகை வழியே பேட்டரி வடிந்துவிடும். விளக்கு தேவைப்படும் நேரத்தில் எரியாது.

குளிர்: அந்த 6.8 வோல்ட் 25 பாகை வெப்பத்துக்கானது. நுவரெலியாவின் 15 பாகையில் சுமார் 0.1 வோல்ட் கூட்ட வேண்டும். சாதாரணப் புதிய சார்ஜரில் அதற்கு வழியில்லை. எனக்கு மாற்றுவது பிடிப்பதற்கு இதுவே காரணம்.

ஆபத்து: சார்ஜரைத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட் தங்கியிருக்கலாம். வெளிக் கம்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் மாற்றலாம். பிள்ளைகளும் செருகி எடுக்கும் விளக்கென்றால் புதியதே வாங்குங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்த மாற்றம் ஆகாது. அதற்குரிய சார்ஜரேதான் வேண்டும்.