நச்சு நீக்கும் கரி கேப்சூல்: 3 வாரம் சாப்பிட்டுப் பார்த்தேன்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கடையில் வாங்கினேன், 60 கேப்சூல் 1,150 ரூபாய். உள்ளே ஆக்டிவேட்டட் சார்கோல் (பதப்படுத்திய கரி), பென்டோனைட் களிமண், ஆப்பிள் பெக்டின் (ஒரு நார்ச்சத்து). எதைச் சாப்பிட்டாலும் எனக்குத் தோல் தடிக்கும், வயிறு உப்பும், அதனால் 'மென்மையானது, நச்சை ஒட்டி இழுத்து வெளியேற்றும்' என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பிவிட்டேன்.

உப்புசம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. தோல் தடிப்பு அப்படியேதான். 4ஆம் நாளே மலச்சிக்கல், இந்த வெயிலில் தண்ணீர் குறைந்தால் கேட்கவே வேண்டாம்.

கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. கரிக்கு நல்லது கெட்டது தெரியாது, குடலில் இருக்கும் மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நான் காலையில் தைராய்டு மாத்திரை போட்ட அரைமணியில் இதையும் விழுங்கிக்கொண்டிருந்தேன். டப்பாவில் ஒரு வரி இல்லை, கடையிலும் சொல்லவில்லை, டாக்டர்தான் சொன்னார். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து தொடாதீர்கள்.

அப்புறம், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவில் இருக்கும் குரோமியம் என்ற உலோகத்துக்குப் பயந்து இதை வாங்க நினைப்பவர்களுக்கு: உலோகங்களைக் கரி சரியாகப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் விஷம் சாப்பிட்டவருக்குக் கரி கொடுப்பது உண்மைதான், ஆனால் அது பெரியவர்களுக்கு 50 கிராம் அளவில், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள். இந்தக் கேப்சூலில் அரை கிராம்கூட இல்லை.

மீதி 18 கேப்சூல் அலமாரியில் கிடக்கிறது, இனி வாங்க மாட்டேன்.