லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் வரை: வாடகை வேனில் நான்கு நாட்கள்

ஆகஸ்ட் மாதப் பாடசாலை விடுமுறையில், லொஸ் ஏஞ்சல்ஸில் தொழில் புரியும் தம்பியின் அழைப்பை ஏற்று, அம்மா, மனைவி, இரு பிள்ளைகள் ஆகியோருடன் ஹட்டனிலிருந்து அமெரிக்கா சென்றிருந்தேன். அங்கு தம்பியையும் சேர்த்து ஆறு பேராக ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, மொஹாவே பாலைவனத்தின் ஊடாக லாஸ் வேகாஸ் சென்று திரும்பினோம். ஊருக்கு வந்தது முதல் இதே பயணத்தைப் பற்றிப் பலரும் என்னிடம் விசாரிப்பதால் என் அபிப்பிராயத்தை எழுதி வைக்கிறேன். வேனையும் வீதியையும் மனதாரப் பாராட்டுவேன். வாடகை நிலையத்தையும் நாங்கள் தங்கிய விடுதியையும் அவ்வாறு பாராட்ட முடியாது.

முதலில் வாடகை நிலையம். எங்கள் இளைய மகளுக்கு ஆறு வயது. கலிபோர்னியாச் சட்டப்படி எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சிறுவர் ஆசனத்தில்தான் அமர்த்த வேண்டும் என்பதால், மூன்று வாரங்களுக்கு முன்பே இணையத்தில் ஆசனத்தைப் பதிவு செய்து வைத்திருந்தோம். காலை எட்டு மணிக்குப் போய் நின்றபோது, ஆசனங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். இன்னொரு கிளையிலிருந்து அது வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. வயதான அம்மா அமர ஒரு நாற்காலிகூட அங்கு இல்லை. வெயில் ஏறுமுன் பாலைவனத்தைக் கடந்துவிட வேண்டும் என்ற எங்கள் எண்ணம் அங்கேயே குலைந்தது. சிறு பிள்ளைகளோடு செல்பவர்கள் ஆசனத்தை உறவினரிடம் இரவல் வாங்கிக்கொள்வதே நல்லது.

கிடைத்த வேன் டொயோட்டா சியன்னா. பின்வரிசைக்கெனத் தனியான குளிரூட்டிக் கட்டுப்பாடு இருந்ததால், குளிர் தாங்காத அம்மாவும் வெப்பம் தாங்காத பிள்ளைகளும் ஒரே வண்டியில் நிம்மதியாக இருந்தார்கள். அது ஹைபிரிட் வண்டி. ஆறு பேரும் பொதிகளும் இருந்தும், குளிரூட்டி ஓயாமல் ஓடியும், லீற்றருக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் ஓடியதாக என் கணக்கு. நம் நாட்டு வண்டிகளில் வலக்கைப் பக்கம் இருக்கும் சிக்னல் நெம்பு அங்கு இடப்பக்கம் இருப்பதையும், வீதியின் வலப்பக்கமாகவே ஓட்ட வேண்டும் என்பதையும் கை பழகும் வரை ஒருவர் பக்கத்திலிருந்து நினைவூட்டுவது அவசியம். "அண்ணே, வலது, வலது" என்று முதல் ஒரு மணி நேரமும் தம்பி சொல்லிக்கொண்டே வந்தான்.

தூரம் சுமார் 435 கிலோமீற்றர். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்க எடுக்கும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடந்துவிடலாம் என்பதை அம்மா கடைசி வரை நம்பவில்லை. கஹோன் கணவாயைத் தாண்டியதும் மலைகள் பின்னே நின்றுவிட, ஐ-15 நெடுஞ்சாலை வெட்டவெளியில் நேராக ஓடுகிறது. வளைவுக்கு வளைவு ஹோன் அடித்து, எதிரே பஸ் வருகிறதா என்று பார்த்தே ஓட்டிப் பழகிய நமக்கு ஆபத்து இந்த நேர்வீதியில்தான் இருக்கிறது. மணிக்கு 70 மைல், அதாவது சுமார் 112 கிலோமீற்றர் வேகத்தில், கால் அசையாமல், காட்சி மாறாமல் போகும்போது கண் தானாகச் செருகுகிறது. ஒரு முறை வேன் வீதியில் வரைந்திருந்த கோட்டை நெருங்கியதும் அதன் எச்சரிக்கை ஒலி எழுந்து என்னை உலுக்கியது. அடுத்து வந்த பார்ஸ்டோவில் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு சாரதிகள் இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடங்கவே கூடாது. எரிபொருளையும் பார்ஸ்டோவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரமான வெப்பமானி ஒன்று நிற்கிறது. 1913 ஜூலை 10 ஆம் திகதி அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 பாகை பரனைற்று வெப்பத்தின் நினைவாகவே அந்த உயரம். நாங்கள் நின்றபோது அது 111 காட்டியது. செல்சியஸில் ஏறத்தாழ 44. பேக்கரைத் தாண்டியதும் நீண்ட ஏற்றம் தொடங்குகிறது. இயந்திரம் சூடேறாதிருக்கக் குளிரூட்டியை நிறுத்துங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து ஓரத்தில் நிற்கும் லொறிகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பலகைக்கு உடனே கீழ்ப்படிந்தேன். ஏற்றத்தின் உச்சியான மவுண்டன் பாஸ் 1,442 மீற்றர் உயரம். ஹட்டனைவிட உயரமான அந்த இடத்தில் ஓர் ஓடையோ ஒரு துண்டு மூடுபனியோ இல்லை.

ஏற்றத்துக்கு முன்பு ஓய்விடம் ஒன்றில் இறங்கியபோது, அம்மா வேலியோரம் நின்ற ஒரு புதரின் அருகே போய் நின்றுவிட்டார். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த விரல்கள் அவருடையவை. கிரியோசோட் எனப்படும் அந்தப் புதரின், நகத்தளவே இருந்த பிசுபிசுப்பான இலையைக் கிள்ளாமல், இரு விரல்களுக்கிடையில் மெதுவாகத் தேய்த்து முகர்ந்தார். "மழ பேஞ்ச வாசம் அடிக்குதே ராசா" என்றார். அந்த இலையின் பிசினே மழைக் காலத்தில் பாலைவனம் முழுவதும் மணப்பதற்குக் காரணம் என்று தம்பி விளக்கினான். வேகாஸின் எந்த விளக்கையும்விட அம்மாவின் நினைவில் நிலைத்திருப்பது அந்த வாசம்தான்.

நகரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெவாடாவில் 1931 முதல் சூதாட்டம் சட்டபூர்வமானது. 21 வயதுக்குக் குறைந்தோர் சூதாட்டக் கூடத்தில் நின்று பார்க்கக்கூட முடியாது. ஆனால் எங்கள் விடுதியில் மின்தூக்கிக்குப் போகும் ஒரே வழி அந்தக் கூடத்தின் நடுவே சென்றது. அங்கு புகைபிடிக்க அனுமதி உண்டு என்பதால், இழுப்பு நோயுள்ள அம்மா ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே நடந்தார். வாகனம் நிறுத்தவும் ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கட்டணம் வசூலித்தார்கள். சூதாட்டக் கூடமே இல்லாத விடுதிகள் அந்த நகரத்தில் இருக்கின்றன. குடும்பமாகச் செல்வோர் அவற்றைத் தேடிப் பதிவு செய்ய வேண்டும். பெல்லாஜியோ விடுதியின் முன்னுள்ள நீரூற்றுக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் இரண்டு இரவும் அங்கேயே நின்றார்கள்.

மூன்றாம் நாள் ஹூவர் அணைக்குச் சென்றோம். 1935 இல் திறக்கப்பட்ட அதன் உயரம் 221 மீற்றர். நமது விக்டோரியா அணை 122 மீற்றர். அந்த அணை தேக்கி வைத்திருக்கும் மீட் ஏரியைச் சுற்றியுள்ள பாறைகளில், முன்பு நீர் நின்ற உயரத்தை வெள்ளைப் பட்டை ஒன்று காட்டுகிறது. நீர் வற்றியபோது, அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட செயின்ற் தோமஸ் என்ற ஊர் மீண்டும் வெளித்தெரிந்ததாம். அதைக் கேட்டதும், மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரிவதை அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் திரும்பப் புறப்பட்டது எங்கள் தவறு. வார இறுதிக்கு வந்த கூட்டம் முழுவதும் அதே நேரத்தில் கலிபோர்னியாவுக்குத் திரும்புகிறது. ஏழரை மணி நேரம் வீதியிலேயே கழிந்தது. திங்கள் காலையில் புறப்படுங்கள். வேனை ஒப்படைத்தபோது பரிசோதித்த இளைஞர் மிதியடியிலிருந்த மணலைப் பொருட்படுத்தாமல், தாமதமாக வந்த ஆசனத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தருமாறு தாமாகவே எழுதிக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அந்தப் பணம் தம்பியின் கணக்கில் வந்து சேர்ந்தது.