வேளச்சேரிக்குக் குடி வருகிறவருக்கு: ஸ்கூட்டரா, காரா, பஸ்ஸா?

தஞ்சாவூரிலிருந்து தங்கச்சி குடும்பம் அடுத்த மாதம் சென்னை வேளச்சேரிக்குக் குடி வருகிறது. மாப்பிள்ளைக்குக் கிண்டியில் வேலை, அவளுக்கு சிறுசேரியில். போன வாரம் போன் செய்தவள் வாடகையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "அண்ணா, இங்க இருக்கிற ஸ்கூட்டரை லாரியில ஏத்திட்டு வந்தா போதுமா? இல்ல லோன் போட்டு ஒரு கார் எடுத்துடட்டுமா?" என்றாள். 18 வருஷமாக இந்த ஊரில் இரண்டையும் ஓட்டுகிறேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு வருகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

முதலில் நேரம். சென்னையில் "கிண்டி எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "காலையிலயா, மத்தியானமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வேளச்சேரியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் 15 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதே கார் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முக்கால் மணி நேரமும் எடுக்கும். ஸ்கூட்டர் எந்த நாளும் 20, 25 நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். "இத்தனை மணிக்கு வந்துடுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப முடிவதை நான் வேகத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பெட்ரோல் கணக்கும் ஸ்கூட்டர் பக்கம்தான். போக வர 10 கிலோமீட்டருக்கு ஸ்கூட்டருக்குக் கால் லிட்டர் போதும், நெரிசலில் ஊர்கிற காருக்கு முக்கால் லிட்டருக்கு மேல் போகும்.

அடுத்தது வழி. இந்த ஊரில் பாதி இடங்களுக்குப் பெயர் வைத்தது இப்போது அங்கே இல்லாத ஒன்று. அண்ணா சாலையில் 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். பக்கத்தில் இருந்த ஸ்டுடியோ போய் எத்தனையோ வருஷம் ஆகியும் எல்லோருக்கும் அது ஜெமினிதான். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்துக்கே ஒரு கம்பெனியின் பெயர், எஸ்.ஆர்.பி. டூல்ஸ். மேப்பில் சாலையின் முழுப்பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். ஸ்கூட்டரில் இருப்பவர் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டுவிடலாம். ஒருவரிடம் கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள். அவர்களுக்குள் எது குறுக்குவழி என்று ஒரு சின்ன வாதமும் நடக்கும், பச்சை விழும்போது ஒருவர் "என் பின்னாடியே வாங்க" என்பார். காரில் இருக்கிறவருக்கு இந்த உதவி அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

கத்திப்பாராவை மட்டும் எந்த வண்டியில் போனாலும் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். 2008-ல் திறந்த அந்த மேம்பாலம் நான்கு இதழ் விரித்த பூ மாதிரி. கிண்டியிலிருந்து வந்து வலப்பக்கம் கோயம்பேட்டுக்குப் போக வேண்டியவர், பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் ஒரு முழு வளையம் சுற்ற வேண்டும். கை வலது பக்கம் போகச் சொல்லும், பாலம் இடது பக்கம் இழுக்கும். அந்த ஒரு வளைவைத் தவறவிட்டால் நேரே விமான நிலையத்தின் பக்கம் போய்விடுவீர்கள். மாப்பிள்ளைக்கு நான் சொன்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நான்கு வளையத்தையும் ஒருமுறை சுற்றிப் பழகிவிடுங்கள் என்று.

சரி, வெயில். இதில் கார் ஜெயிக்கும், மறுபேச்சில்லை. மே மாதம் கத்திரி வெயிலில் சிக்னலில் 90 விநாடி நிற்பது பெரிய சோதனை. சிக்னல் கோட்டுக்கு ஐம்பது அடி முன்னால் ஒரு வேப்பமரமோ மேம்பாலமோ இருந்தால் டூவீலர்கள் எல்லாம் அந்த நிழலிலேயே நின்றுவிடும். முன்னால் சாலை காலியாகக் கிடக்கும், யாரும் நகர மாட்டார்கள், பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிக்கவும் மாட்டார். 2024 கோடையில் மாநகராட்சி சில சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டது. அந்த நிழலில் முன்பின் தெரியாதவர்கள் தள்ளி நின்று ஒருவருக்கொருவர் இடம் விட்டதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஆனால் டூவீலர் ஓட்டுகிறவருக்கு இந்த ஊர் தருகிற ஒன்றைக் கார் தரவே தராது. சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்பிப் பாருங்கள். இருநூறு அடிக்குள் யாராவது ஒருவர் துரத்தி வந்து "சார், ஸ்டாண்டு!" என்று சொல்லிவிட்டு, நன்றிக்குக்கூட நிற்காமல் போய்விடுவார். எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் விரித்து மூடிக் காட்டினால் பகலில் லைட் எரிகிறது என்று அர்த்தம். இப்போது வருகிற வண்டிகளில் லைட் எப்போதும் எரியும்படிதான் செய்திருக்கிறார்கள், ஆனாலும் பழக்கத்தில் கை தானாக எழும். பின்னால் உட்கார்ந்தவரின் துப்பட்டா சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கினால் "அக்கா, ஷால் பாருங்க!" என்று மூன்று பக்கத்திலிருந்தும் குரல் வரும். என் மனைவியின் சேலைத் தலைப்பை ஒருநாள் அப்படித்தான் ஒரு தண்ணீர் கேன் போடுகிற பையன் காப்பாற்றினான். அவன் முகம்கூட எங்களுக்கு நினைவில்லை. சென்னைக்காரர்கள் ரோட்டில் கத்துவார்கள் என்று வெளியூரில் பேசுவது உண்மைதான். அதில் எவ்வளவு அக்கறைக் கத்தல் என்பது டூவீலரில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இதை வைத்துத் தங்கச்சியையும் ஸ்கூட்டரில் சிறுசேரிக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போக மட்டும் 20 கிலோமீட்டருக்கு மேல். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போடுகிற மெட்ரோ பாதை அந்த ஓ.எம்.ஆர். மேலேதான் போகிறது. தடுப்புகள், சுருங்கிய சாலை, நடுவே தண்ணீர் லாரி என்று தினமும் இரண்டு வேளை போய்வருவது உடம்புக்கும் உயிருக்கும் நல்லதில்லை. காரில் போனால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் மாலையில் மிகவும் களைத்து வருவாள். அவளுக்குப் பஸ்தான். வேளச்சேரி வழியாக ஓ.எம்.ஆரில் போகிற 570 இருக்கிறது, கம்பெனி பஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது.

பஸ்ஸில் ஏறினால் அவள் ஒன்றைப் பழக வேண்டும். ஊரில் கண்டக்டர் நம்மிடம் வருவார். இங்கே பெரும்பாலும் அவர் தன் சீட்டிலேயே இருப்பார், காசுதான் அவரிடம் போகும். "ஒரு கந்தன்சாவடி, பாஸ் பண்ணுங்க" என்று முன்னால் நிற்பவர் இருபது ரூபாயை நீட்டினால், அது ஏழெட்டுக் கை மாறிப் பின்னால் போய், டிக்கெட்டும் சில்லறையுமாக அதே வழியில் திரும்பி வரும். ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை. நடுவில் நிற்கிறவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தாலும், ஒரு கையை விட்டு வாங்கி, கொடுத்துவிட்டுத்தான் மறுபடி பிடிப்பார். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

ஆட்டோ அவசரத்துக்கு மட்டும். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013-ல் அரசு வகுத்த மீட்டர் கட்டணத்தில் இன்று வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்த முடியாது. "மேல போட்டுக் குடுங்க" என்று கேட்கிற டிரைவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஏறும் முன் பேசிக்கொண்டால் போதும்.

நிறுத்தும் இடம் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கூட்டருக்கு மாடிப்படிக்குக் கீழே மூன்றடி போதும். காருக்கு வீட்டில் இடம் இல்லையென்றால் தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் ஒரு பலகை வரவேற்கும்: "இங்கு வாகனம் நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்." சிலர் சொன்னதைச் செய்தும் விடுவார்கள்.

அப்புறம் மழை. வேளச்சேரியைப் பொறுத்தவரை இதுதான் தீர்ப்பு எழுதுகிற விஷயம். சாதாரண மழைக்குக் கார்தான் சொர்க்கம், குழந்தை நனையாது, வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை வந்தால் கணக்கே மாறிவிடும். தி.நகர் பக்கம் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால், கார் இருந்தும் அந்த வழியில் போக முடியாது. ஸ்கூட்டர் நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டாவது வீடு வரலாம், நாலு பேர் சேர்ந்து தூக்கிப் படியில் ஏற்றலாம், பக்கத்து வீட்டார் கேட்காமலே வந்து ஒரு கை பிடிப்பார்கள். காரை யார் தூக்குவது? அதனால்தான் கனமழை எச்சரிக்கை வந்த அன்றே எங்கள் பகுதிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்துகிறார்கள். 2024 அக்டோபரில் அந்த வரிசையின் படம் நாடெங்கும் சுற்றியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டி மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை, அவர்கள் சேமிப்பெல்லாம் அந்த வண்டியில்தான் இருந்தது.

கார் மூழ்கிவிட்டால் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே உடைந்துவிடும், இன்ஜின் பாதுகாப்பு என்கிற கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் திரும்ப வராது. இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில்தான் திறக்க வேண்டும்.

ஆக மாப்பிள்ளைக்கு அந்தப் பழைய ஸ்கூட்டர், இரண்டு ஹெல்மெட்டோடு, பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம். தங்கச்சிக்குப் பஸ். காரை ஒரு வடகிழக்குப் பருவமழையை இங்கே கழித்துப் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். வீட்டுக்காரரிடம் கார் பார்க்கிங் உண்டா என்று கேட்பதற்கு முன், "2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்கச் சொன்னேன். வேளச்சேரியில் யாரும் அதற்கு அடிக்கணக்கு சொல்ல மாட்டார்கள், சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பார்த்து வை என்றேன்.